பெல் டூட்: கடல் அரித்த ஓங்கலும் நகர்த்தப்பட்ட கலங்கரை விளக்கமும்

1999 மார்ச் 17 அன்று, இங்கிலாந்தின் தென்கரையில், கிழக்கு சசெக்ஸ் பகுதியின் வெண்ணிற ஓங்கல் (கடலோரச் செங்குத்துப் பாறை) ஒன்றின் விளிம்பில் நின்றிருந்த 850 டன் எடையுள்ள கல் கட்டடம், இடிக்கப்படாமலும் பிரிக்கப்படாமலும், முழு உருவத்தோடு நிலப்பக்கமாக நகரத் தொடங்கியது. அது பெல் டூட் என்னும் பழைய கலங்கரை விளக்கம். அப்போது ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது. அந்தக் குடும்பத்தாரின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. பாறை எப்படி அரிக்கப்பட்டது, அதைப் பார்த்து என்ன முடிவு எடுக்கப்பட்டது, அந்த முடிவு எந்த அளவுக்குச் சரியாக அமைந்தது என்பவையே இங்கு பேசப்படுகின்றன.

பின்னணி

பீச்சி ஹெட் முனையின் அடியில் கப்பல்கள் மோதி உடைவது வழக்கமாக இருந்ததால், அதற்கு மேற்கே உள்ள அடுத்த மேட்டில் பெல் டூட் விளக்கம் கட்டப்பட்டு 1834 அக்டோபரில் ஏற்றப்பட்டது. இதை அமைத்தவர்கள் ஒரு நுட்பமான கணக்கு வைத்திருந்தார்கள். விளக்கை ஓங்கலின் விளிம்பிலேயே வைக்காமல், சற்று உள்ளே தள்ளி வைத்தார்கள். தொலைவில் பாதுகாப்பாகச் செல்லும் கப்பலுக்கு ஒளி தெரியும். கரையை நெருங்கிவிட்ட கப்பலுக்கோ ஓங்கலின் விளிம்பு ஒளியை மறைத்துவிடும். ஒளி மறைந்தால் ஆபத்து என்று மாலுமி தெரிந்துகொள்ள வேண்டும். ஒளியே இல்லாமல் எச்சரிக்கும் இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க ஒரே ஓர் அளவை நம்பியிருந்தது: விளக்குக்கும் விளிம்புக்கும் இடையிலான தூரம்.

அந்த அளவு மாறாது என்று எண்ணியதுதான் இந்த வரலாற்றின் முதல் பிழை. விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க, மறைந்திருக்க வேண்டிய ஒளி, கரைக்கு மிக அருகில் வந்த கப்பலுக்கும் தெரியத் தொடங்கியது. அதோடு, உயரத்தில் இருந்ததால் கடல்மூடுபனி அடிக்கடி விளக்கை மறைத்தது. ஆக, தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாமலும், தெரியக் கூடாத நேரத்தில் தெரிந்தும் அது பயனிழந்தது. 1902-இல் பீச்சி ஹெட் ஓங்கலின் அடியில், கடலுக்குள்ளேயே, 43 மீட்டர் உயரத்தில் கருங்கல் கோபுரமாகப் புதிய கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. பெல் டூட் ஓய்வுபெற்றது. கடலரிப்பு அந்தக் கட்டடத்தின் சுவரைத் தொடுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே அதன் வேலையைப் பறித்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் கட்டடம் தனியாரிடம் போனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்பகுதியில் நடந்த பீரங்கிப் பயிற்சியில் பலத்த சேதம் அடைந்து, 1950-களில் சீரமைக்கப்பட்டு, பல கை மாறி, 1990-களில் ஒரு குடும்பத்தின் வசிப்பிடமானது.

ஓங்கலின் அடியில் நடப்பது

பெல் டூட் நிற்கும் பாறை வெண்சுண்ணப் பாறை. ஆங்கிலத்தில் இதன் பெயர் சாக். நம் வகுப்பறைச் சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்தது இதுதான், இன்றைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்யப்படுகிறது என்றாலும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடலின் அடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் படிந்து படிந்து உருவான பாறை இது. நகத்தால் கீறினால் பொடி உதிரும். கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுண்துளைகளாக இருப்பதால் நீரை நன்றாக உறிஞ்சும். நீர் ஊறிய வெண்சுண்ணப் பாறையின் வலிமை, உலர்ந்த நிலையில் இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இந்த ஓர் இயல்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது பெரும்பாலும் விளங்கிவிடும்.

கடல்நீர் சுண்ணாம்பைக் கரைத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கடலின் மேற்பரப்பு நீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்திருப்பதால், கரைதல் இங்கே சிறிய பங்கே வகிக்கிறது. பெரிய வேலையைச் செய்பவை மூன்று.

முதலாவது, அலையின் நேரடி மோதல். வெண்சுண்ணப் பாறையில் செங்குத்தாகவும் சாய்வாகவும் எண்ணற்ற வெடிப்புக் கோடுகள் ஓடுகின்றன. அலை வந்து மோதும்போது, அந்த வெடிப்புகளுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியின்றி அழுத்தப்படுகிறது. அலை பின்வாங்கும்போது அந்த அழுத்தம் சட்டென்று விடுபடுகிறது. அலைக்கு ஒருமுறை என்று நாள் முழுவதும் நடக்கும் இந்த அழுத்தமும் தளர்வும் வெடிப்பை ஆப்பு வைத்ததுபோல அகலமாக்கி, முடிவில் பாறைத் துண்டுகளைக் கட்டிகட்டியாகப் பெயர்த்தெடுக்கின்றன.

இரண்டாவது, உராய்வு. வெண்சுண்ணப் பாறையின் அடுக்குகளுக்கு இடையே கரிய சக்கிமுக்கிக் கற்கள் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. பாறை சரிந்து பொடியான பிறகும் இந்தக் கற்கள் கரையில் எஞ்சி, உருண்டு, மணற்பரப்புக்குப் பதிலாகக் கூழாங்கல் கரையை உண்டாக்குகின்றன. புயல் நாளில் அலை இவற்றை அள்ளி ஓங்கலின் காலடியில் வீசுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் வழுவழுப்பாக, கண்ணாடிபோல் கடினமாக இருக்கும் அந்தக் கல்லுக்கு முன் வெண்சுண்ணப் பாறை ஈடுகொடுப்பதில்லை. ஆனால் இதே கற்கள் போதுமான அளவு குவிந்து கிடந்தால், அலையின் வேகத்தை உறிஞ்சி ஓங்கலைக் காப்பவையும் அவையே. குறைவாக இருந்தால் ஆயுதம், நிறைய இருந்தால் கேடயம். இந்த இரட்டைத்தன்மை பின்னால் முக்கியமாகப் போகிறது.

மூன்றாவது, நிலப்பக்க நீர். மழைநீர் மேலிருந்து ஊறி இறங்கி, பாறையைக் கனமாக்கி, அதே சமயம் வலுவிழக்கச் செய்கிறது. குளிர்காலத்தில் அது உறையும்போது விரிந்து மேற்பரப்பைப் பொரிக்கிறது. கடல் அடியைத் தோண்டுகிறது. மழை மேலே தயாராக்கி வைக்கிறது. அதனால்தான் பெரிய சரிவுகள் பெரும்பாலும் நனைந்த குளிர்காலங்களின் இறுதியில் நிகழ்கின்றன.

இவற்றோடு உயிரினங்களின் பங்கும் உண்டு. கூம்புத் தொப்பி போன்ற ஓட்டைக் கவிழ்த்துக்கொண்டு பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிறு கடல் நத்தைகள், பாசியைச் சுரண்டித் தின்னும்போது கூடவே பாறையையும் சுரண்டுகின்றன. ஓங்கலின் முன்னே தட்டையாக விரிந்திருக்கும் அலை அரிமேடை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்வதில் இவற்றுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மேடை தாழ்ந்தால் அதன்மேல் நீரின் ஆழம் கூடும். ஆழம் கூடினால் அலை உடையாமலே ஓங்கல்வரை வந்து சேரும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி அந்தக் கரையில் கடல்மட்டம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்குவதால், ஏற்றத்தின் உச்சத்தில் வரும் புயலலைதான் ஓங்கலின் காலைப் பிடிக்கிறது.

கவனிக்கப்பட்டவை

இத்தகைய ஓங்கல் சீராகத் தேய்வதில்லை. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்னும் பழமொழி அலை அரிமேடைக்குப் பொருந்தும், ஓங்கலுக்குப் பொருந்தாது. அடியில் அலை குடைந்துகொண்டே இருக்க, மேலே புல்வெளி விளிம்பு பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும். பிறகு ஒரே இரவில் பல மீட்டர் அகலமுள்ள பட்டை கழன்று விழும். விழுந்த பாறைக் குவியல் ஓங்கலின் அடியில் ஒரு கரையாகக் கிடந்து சில காலம் அலையைத் தடுக்கும். அப்போது கடல் அந்தக் குவியலை அரைத்துப் பொடியாக்குவதால் கரையோர நீர் பால்போல வெளுத்திருக்கும். குவியல் அகற்றப்பட்டதும் அலை மீண்டும் ஓங்கலின் காலடிக்கு வரும். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்.

1990-களின் இறுதியில், பெல் டூட்டின் கடல்பக்கச் சுவருக்கும் விளிம்புக்கும் இடையே சில மீட்டர்களே மிஞ்சியிருந்தன. ஆண்டுச் சராசரி அரிப்பை மட்டும் பார்த்தவருக்கு அந்தச் சில மீட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கால அவகாசமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஒரே சரிவில் போகக்கூடிய அகலமும் அதே அளவுதான் என்பதால், உண்மையான அவகாசம் அடுத்த புயல்வரை மட்டுமே.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. 1999 ஜனவரியில், மழை மிகுந்த ஒரு குளிர்காலத்தின் நடுவே, கிழக்கே பீச்சி ஹெட்டில் ஓங்கலின் பெரும்பகுதி ஒன்று சரிந்து, இடிபாடு கடலுக்குள் நிற்கும் புதிய கலங்கரை விளக்கத்தின் திசையில் மேடையின் குறுக்கே நெடுந்தூரம் பரவியது. பெல் டூட்டில் இருந்தவர்கள் காலடியில் இருந்ததும் அதே பாறை, அதே மழையில் நனைந்த பாறை.

எடுக்கப்பட்ட முடிவும் காரணங்களும்

அந்த நிலையில் கட்டடத்துக்கு இருந்த வழிகள் அதிகம் இல்லை. ஓங்கலின் அடியில் தடுப்புச் சுவர் எழுப்புவது முதலில் தோன்றும் யோசனை. அதுவே நடைமுறையில் மிகத் தொலைவான யோசனையும்கூட. இந்தக் கரை அதன் இயற்கை நிலைக்காகவே பாதுகாக்கப்படுகிறது. வெள்ளை ஓங்கல் வெள்ளையாக இருப்பதே அது இடைவிடாமல் உதிர்ந்து புதுமுகம் காட்டுவதால்தான். சுவர் எழுப்பினால் முகம் பசுமை படிந்து மங்கிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, சரிவு நின்றால் சக்கிமுக்கிக் கற்களின் வரத்தும் நிற்கும், கிழக்கே உள்ள கரைகள் கேடயம் இழக்கும். ஒரு வீட்டைக் காக்க அண்டைக் கரையைப் பலிகொடுப்பதாக அது முடியும்.

இரண்டாவது வழி, கைவிடுவது. பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் பெல் டூட் இருந்ததால், அது ஒரு குடும்பத்தின் இழப்பாக மட்டும் நின்றிருக்காது. மூன்றாவது, கல்கல்லாகப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் கட்டுவது. அப்படிக் கட்டினால் மிஞ்சுவது பழைய கற்களால் ஆன புதிய கட்டடம். எஞ்சியது, முழுதாக நகர்த்துவது. அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்தத் தேர்வின் உள்ளே இன்னொரு தேர்வும் இருந்தது. என் மதிப்பீட்டில் அதுவே பெரியது. நகர்த்தும் இடத்தை இறுதி இடமாக எண்ணாமல், பிற்காலத்தில் தேவைப்பட்டால் மறுபடியும் நகர்த்தக்கூடிய வகையில் அந்த இடத்தை அமைத்தார்கள். 1834-இல் விளிம்பு அசையாது என்று நம்பிக் கட்டியவர்களுக்கும், 1999-இல் விளிம்பு நிச்சயம் அசையும் என்று ஏற்றுக்கொண்டு கட்டியவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நகர்த்தல்

முதலில் கட்டடத்தின் அடியே, பழைய அடித்தளத்துக்கு மாற்றாக, அதைத் தாங்கும் புதிய கான்கிரீட் அமைப்பு செருகப்பட்டது. சுவர்கள் தனித்தனியாக அசைந்தால் விரிசல் விடும். முழுக் கட்டடமும் ஒரு தட்டில் வைத்த பொருள்போல ஒன்றாக நகர வேண்டும் என்பதற்காகவே இந்த முன்வேலை. நிலப்பக்கமாக நான்கு கான்கிரீட் உத்தரங்கள் தண்டவாளங்கள்போலப் போடப்பட்டு, அவற்றின் மேற்புறம் எஃகுத் தகடு பொருத்தப்பட்டது. ஹைட்ராலிக் ஜாக்கிகள் பின்னாலிருந்து தள்ள, எஃகின் மேல் விடாமல் கிரீஸ் பூசிக்கொண்டே, 850 டன் கட்டடம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஜாக்கி ஒருமுறை நீண்டு தள்ளும். பிறகு அதை உள்ளிழுத்து முன்னே வைத்து மீண்டும் தள்ள வேண்டும். வேகம் இங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான்கு உத்தரங்களிலும் நகர்வு சமமாக இருப்பதே வேண்டியிருந்தது. ஒரு மூலை முந்தினால்கூட முழுச் சுவரும் முறுக்கிக்கொள்ளும்.

இந்த வகையில் கட்டடம் 17 மீட்டர் உள்ளே கொண்டு சேர்க்கப்பட்டது. விளிம்பை ஒட்டி இவ்வளவு கனத்தை அசைப்பதே ஓர் அபாயம். அந்த அபாயம் நிகழாமல் வேலை முடிந்தது.

பின்பு நடந்தவை

2001 ஏப்ரலில், பீச்சி ஹெட் அருகே ஓங்கலிலிருந்து பிரிந்து தூண்போல நின்று, 'சாத்தானின் புகைபோக்கி' எனப் பெயர் பெற்றிருந்த பாறை, இன்னொரு நனைந்த குளிர்காலத்துக்குப் பின் சரிந்து விழுந்தது. பெல் டூட் தன் புதிய இடத்தில் அசையாமல் நின்றது. 2007-இல் விற்பனைக்கு வந்து, புதுப்பிக்கப்பட்டு, 2010 முதல் தங்கும் விடுதியாக இயங்குகிறது.

மேற்கே சிறிது தூரத்தில் உள்ள பர்லிங் கேப்பின் அனுபவம் வேறு. அங்கே 1878-இல் கடலோரக் காவலர்களுக்காக ஒரே வரிசையில் ஏழு குடியிருப்புகள் கட்டப்பட்டிருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளாதலால், விளிம்பு நெருங்க நெருங்கக் கடல்பக்கத்து வீட்டை ஒவ்வொன்றாக இடித்து, அடுத்த வீட்டின் பக்கச்சுவரை வெளிச்சுவராக்கிக்கொண்டு வந்தார்கள். 2014-இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த புயல்களில் அந்த இடத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் பாறை இரண்டே மாதங்களில் போனது. வழக்கமாக ஏழாண்டுகளில் போகக்கூடியது அது. அதையடுத்து இன்னொரு வீடும் இடிக்கப்பட்டு, ஏழில் நான்கே மிஞ்சின.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கரையின் அலை அரிமேடையில் உள்ள சக்கிமுக்கிக் கற்களில், விண்கதிர்களால் உண்டாகும் பெரிலியம்-10 என்னும் அரிய அணுவகையை அளந்து, பழைய அரிப்பு வேகத்தைக் கணக்கிட்டது. ஓங்கல் அகன்ற பிறகுதான் மேடை வானத்துக்குத் திறந்துகிடக்கும். எவ்வளவு காலம் திறந்துகிடந்ததோ அவ்வளவு பெரிலியம் சேரும். அதன்படி, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டராக இருந்த பின்வாங்கல், கடைசி 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டராகக் கூடியிருக்கிறது. ஓங்கலின் முன் கிடந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனது இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மேற்கிலிருந்து கிழக்காக அலை உருட்டிக்கொண்டு வரும் கற்களை, நியூஹேவன் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் போன்ற மனிதக் கட்டுமானங்கள் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுவர் கட்டிய ஊர் ஒன்று, கரை இழந்த ஊர் வேறொன்று.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

முதலாவதாக, தூரத்தைக் கணிக்கும் முறை. 17 மீட்டரை ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் என்னும் சராசரியால் வகுத்தால் 53 முதல் 77 ஆண்டுகள் கிடைக்கும். கணக்கு சரிதான், ஆனால் அதை நம்பி உறங்க முடியாது. வகுப்பதற்கு முன், ஒரே சரிவில் போகக்கூடிய மிகப்பெரிய அகலத்தை அந்த 17-லிருந்து கழித்துவிட வேண்டும். கட்டடம் ஆபத்துக்குள்ளாவது விளிம்பு சுவரைத் தொடும்போது அல்ல, அடுத்த சரிவின் அகலத்துக்குள் சுவர் வந்துவிடும்போது.

இரண்டாவதாக, அளக்கும் இடம். மேலே புல்வெளியில் நின்று விளிம்புக்கு உள்ள தூரத்தை அளப்பது எளிது என்பதால் எல்லோரும் அதையே அளக்கிறார்கள். கீழே கூழாங்கல் கரையின் உயரம் என்ன, பழைய சரிவின் குவியல் இன்னும் கிடக்கிறதா, அலை ஓங்கலின் அடியைத் தொடுகிறதா என்பவற்றை ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் படம் எடுத்துப் பதிவுசெய்திருந்தால், விளிம்பு சொல்லாததைப் பல ஆண்டுகள் முன்கூட்டியே அடிவாரம் சொல்லியிருக்கும். குவியல் அரைபட்டு அகன்ற ஆண்டுதான் கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கும் ஆண்டு.

மூன்றாவதாக, நேரம். நகர்த்துவதற்கான வேலையை விளிம்பு சில மீட்டருக்கு வரும்வரை தள்ளிப்போட்டால், கனரக இயந்திரங்களும் ஆட்களும் வேலை செய்ய வேண்டிய இடமே ஆபத்தான இடமாகிவிடும். பெல் டூட்டில் அது தப்பியது. வேறிடத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த நகர்த்தலை, விளிம்புக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது இரண்டு பெரிய சரிவுகளின் அகலம் மிஞ்சியிருக்கும்போதே தொடங்கிவிடுவது என்று இப்போதே எழுதி வைத்துவிடுவது நல்லது. அந்த நாளில் கட்டடம் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மறுநகர்த்தலுக்கு இடம் விட்டு வைத்த முடிவில் மட்டும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கட்டடத்துக்குப் பின்னால், நிலப்பக்கமாக, மேடு இன்னும் புல்வெளியாகவே கிடக்கிறது.